போர்க்காலத்தில் தெருவில் நின்று ஜெபிப்பவர்கள்: குவேக்கர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும், ஏதோ ஓர் ஊரின் கடைவீதியிலோ ராணுவ முகாமின் வாசலிலோ பத்துப் பதினைந்து பேர் வந்து நிற்பார்கள். கோஷம் இருக்காது, மைக் இருக்காது. ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் நின்றுவிட்டுக் கலைந்து போவார்கள். அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்தில் மறுபடியும் நிற்பார்கள். இப்படி நிற்பதைத்தான் விழிப்பு ஜெபம் என்று இங்கே சொல்கிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படி நிற்பவர்களை விசாரித்தால், அவர்களில் பலர் குவேக்கர்களாக இருப்பார்கள். நான் குவேக்கர் அல்ல. 2003-இல் ஈராக் போர் நடந்தபோது வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் வேலை பார்த்தேன். அங்கே சில மாதங்கள் அவர்களோடு நின்றேன். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் அவர்களுடைய வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போதிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை.

குவேக்கர்கள் யார்? கிறிஸ்தவர்களா?

கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தவர்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சிதறிக்கிடந்த காலத்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இளைஞர் ஊர் ஊராக நடந்து பேசினார். நெசவாளியின் மகன், செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். கடவுள் ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் நேராகப் பேசுகிறார், நடுவில் குருமார் வேண்டாம், கோபுரம் வைத்த கட்டடமும் வேண்டாம் என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். நண்பர்கள் சபை என்பதே இன்றும் அவர்களுடைய முறையான பெயர். 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர், என்பது கேலிப் பெயர். கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் டெர்பி நகரத்து நீதிபதி ஒருவரிடம் சொல்ல, அவர் திருப்பிச் சூட்டிய பெயர் அது. பெயர் நிலைத்துவிட்டது, அவர்களும் அதை வெட்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

இன்று உலகம் முழுவதும் சுமார் நான்கு லட்சம் பேர் இருக்கிறார்கள். மிக அதிகமானோர் வாழ்வது கென்யாவில். அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. நான் இங்கே சொல்லப்போகும் மௌன ஜெபம் இங்கிலாந்து, வடஅமெரிக்கக் குவேக்கர்களில் ஒரு பகுதியினரின் மரபு.

விழிப்பு ஜெபத்தில் என்னதான் நடக்கும்?

பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காது. அதைத்தான் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் நின்ற ஊரில் சனிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு பஸ் நிறுத்தம். அதை ஒட்டிய நடைபாதையில் வரிசையாக நிற்போம். ஒன்பது பேர், சில வாரம் ஏழு பேர். பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் நீல நூலால் எழுத்துகளைத் தைத்திருந்தார்கள். மை என்றால் அந்த ஊர் மழையில் ஒரு வாரம்கூடத் தாங்காது, அதனால்தான் நூல். இருவர் அதன் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவருவார். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் எழுந்து நின்றுவிடுவார். முதல் வாரம் ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, பஸ் தாமதமா என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வரிசையாக, பேசாமல், ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் வேறு எதற்காக நிற்கப்போகிறார்கள்?

முதல் இருபது நிமிடம் கால் வலியும் குளிரும்தான் மனத்தில் ஓடின. அதன் பிறகு காலையில் செய்தித்தாளில் பார்த்த ஒரு முகம் வரும். பாக்தாத் மருத்துவமனைக் கட்டிலில் ஒரு சிறுவன். வீட்டில் என்றால் தாளைப் புரட்டிவிடலாம்; அங்கே புரட்ட முடியாது. அந்த முகத்தோடு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஜெபம் என்றால் என்ன என்று எனக்கு ஓரளவாவது புரிந்தது அந்த நடைபாதையில்தான்.

ஜெபம் என்கிறீர்கள், யாருமே வாய் திறப்பதில்லையே?

அவர்களுடைய ஞாயிறு வழிபாடே அப்படித்தான். நாற்காலிகளை வட்டமாகவோ சதுரமாகவோ போட்டுக்கொண்டு அமைதியாக அமர்வார்கள். யாருக்காவது உள்ளிருந்து உந்துதல் வந்தால் எழுந்து சில வாக்கியங்கள் பேசிவிட்டு உட்காருவார்கள். ஒருவரும் பேசாமலே ஒரு மணி நேரம் போவதும் உண்டு. துன்பத்தில் இருக்கும் ஒருவருக்காக ஜெபிப்பதை 'ஒளியில் ஏந்துவது' என்று சொல்வார்கள். கடவுளிடம் விண்ணப்பப் பட்டியல் நீட்டுவது அல்ல அது. அந்த மனிதரைப் பெயர் சொல்லி மனத்தில் நிறுத்தி, கடவுளின் வெளிச்சம் அவர்மேல் படும்படி பிடித்துக்கொண்டிருப்பது. தெருவில் நடப்பதும் அதே வழிபாடு. கூரை மட்டும் இல்லை.

அதைச் சபைக்குள்ளேயே செய்யலாமே? தெருவுக்கு ஏன் வர வேண்டும்?

வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணு என்ற வேத வசனத்தைச் சொல்லி இதை என்னிடம் கேட்டவர்கள் பலர். குவேக்கர்களுக்கும் அந்த வசனம் தெரியும். ஆனால் தெரு அவர்களுக்குப் புதிது அல்ல. அவர்களைத் தெருவில் தள்ளியது அரசாங்கம்தான்.

1660-களில் இங்கிலாந்தில் அரசு சபைக்கு வெளியே கூடி வழிபடுவது குற்றம். குவேக்கர்கள் மறைந்து கூட மறுத்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கூடினார்கள். பிடித்துப் போனால் போனார்கள். 1682-இல் பிரிஸ்டல் நகரில் பெரியவர்கள் சிறைக்குப் போய்விட, பிள்ளைகளே கூடி வழிபாட்டை நடத்தினார்கள். அடிபட்டும் நடத்தினார்கள்.

1670 ஆகஸ்டில் லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த அவர்களுடைய கூடத்தைப் படைவீரர்கள் அடைத்துவிட்டார்கள். கூட்டம் கலையவில்லை, தெருவிலேயே வழிபாடு தொடங்கியது. அங்கே பேசிய வில்லியம் பென் என்ற 25 வயது இளைஞரும், உடன் இருந்த வில்லியம் மீட் என்பவரும் கைதானார்கள். கலகக் கூட்டம் கூட்டினார்கள் என்று வழக்கு. ஜூரிகள் பன்னிரண்டு பேர். அவர்கள் கொடுத்த தீர்ப்பு: பென் கிரேஸ்சர்ச் தெருவில் பேசினார், அவ்வளவுதான். தெருவில் பேசுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. நீதிபதிகள் கொதித்துப்போனார்கள். சரியான தீர்ப்பு வரும்வரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, குளிருக்கு நெருப்பு இல்லை என்று ஜூரிகளை அடைத்து வைத்தார்கள். இரண்டு இரவு கழிந்தது. வெளியே வந்தவர்கள் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். அவர்களுக்கு அபராதம் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி அபராதம் கட்ட மறுத்து வழக்காடினார். தீர்ப்புக்காக ஜூரிகளைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வாகன் விதித்தார். அந்த ஜூரிகளின் நினைவாக லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பென் பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவினார்.

தெருவில் ஜெபிக்கும் உரிமையையும் மனசாட்சிப்படி தீர்ப்புச் சொல்லும் உரிமையையும் பட்டினி கிடந்த பன்னிரண்டு பேர் ஒரே வழக்கில் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

போரை மறுப்பது தொடக்கத்திலிருந்தே இருக்கும் கொள்கையா?

ஏறக்குறைய ஆம். 1651-இல் ஃபாக்ஸ் டெர்பி சிறையில் இருந்தபோது, நாடாளுமன்றப் படையில் அவருக்குத் தலைவர் பதவி கொடுக்க முன்வந்தார்கள். போர்களுக்கான காரணத்தையே இல்லாமல் ஆக்குகிற உயிரின் வல்லமையில் நான் வாழ்கிறேன் என்று சொல்லி மறுத்துவிட்டார். சிறைவாசம் நீண்டது.

சபையின் குரலாக அது எழுந்தது 1661 ஜனவரியில். வேறொரு மதக்குழு லண்டனில் ஆயுதக் கலகம் செய்தது. அரசு சந்தேகத்தில் குவேக்கர்களையும் வளைத்துப் பிடித்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அப்போது அவர்கள் மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் கொடுத்த அறிக்கையில், எந்த நோக்கத்துக்காகவும் எந்தச் சாக்கைச் சொல்லியும் ஆயுதம் ஏந்திய போரையும் சண்டையையும் நாங்கள் முற்றாக மறுக்கிறோம் என்று எழுதினார்கள். அன்றைய நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச்சில் பிறந்ததால் அதில் 1660 என்ற ஆண்டு இருக்கும். இதைத்தான் 'சமாதான சாட்சி' என்கிறார்கள். 'சாட்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சபைகளில் சாட்சி சொல்வது என்றால் கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வது. குவேக்கர்கள் அதை வாழ்ந்து சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

அப்படியானால் எந்தக் குவேக்கரும் போருக்குப் போனதில்லையா?

போயிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் படை வயதில் இருந்த பிரிட்டிஷ் குவேக்கர் ஆண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்தார்கள். மற்றவர்களில் சிலர் ஆம்புலன்ஸ் பிரிவில் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். சிலர் அதற்கும் மறுத்துச் சிறை சென்றார்கள். அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். வியட்நாமில் குண்டுகள் விழுந்ததில் அவர் பங்கு எல்லோரும் அறிந்தது. கட்டாயப்படுத்தித் திணிக்காத சபையில் இப்படி நடக்கத்தான் செய்யும்.

இது ஓர் ஆர்ப்பாட்டம்தானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். ஆர்ப்பாட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை; அதற்கும் இடம் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆர்ப்பாட்டம் கூட்டத்தை நம்புகிறது. இவர்கள் கிழமையை நம்புகிறார்கள். ஒரு நாள் ஒரு லட்சம் பேர் வருவதைவிட, ஒன்பது பேர் நூறு வாரம் தவறாமல் வருவது இவர்களுக்குப் பெரிது.

1959-இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ஃபோர்ட் டெட்ரிக் என்ற ராணுவ ஆய்வு மையத்தின் வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். நோய்க்கிருமிகளை ஆயுதமாக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. லாரன்ஸ் ஸ்காட் என்ற குவேக்கர் முன்னின்றார். வெயில், பனி பாராமல் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அந்த நிற்றல் தொடர்ந்தது. உள்ளே வேலைக்குப் போகும் விஞ்ஞானிகள் தினமும் காலையிலும் மாலையிலும் அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். 1960 நவம்பரில், சமாதான சாட்சியின் 300-ஆம் ஆண்டை ஒட்டி, சுமார் ஆயிரம் குவேக்கர்கள் அமெரிக்க ராணுவத்தின் தலைமையகமான பென்டகன் கட்டடத்தைச் சுற்றி மௌனமாக நின்றார்கள். அப்போது வியட்நாம் என்ற பெயர் பெரும்பாலான அமெரிக்கர்களுக்குத் தெரியாது.

மௌனம் உடைந்ததும் உண்டு. 1969-இல் ஒரு குவேக்கர் குழு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் நின்று, வியட்நாமில் இறந்த அமெரிக்க வீரர்களின் பெயர்களை வாரந்தோறும் படிக்கத் தொடங்கியது. பெயர், அடுத்த பெயர், அடுத்த பெயர். வேறு ஒரு சொல்லும் இல்லை. போலீஸ் கைது செய்தது. மறுவாரம் மறுபடி வந்து பட்டியலைத் தொடர்ந்தார்கள். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரே படிகளில் இறங்கிவந்து சேர்ந்து படித்தார்கள். செத்தவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்வது குற்றம் என்று ஓர் அரசு நினைத்ததே, போரைப் பற்றி அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

பென்டகன் முன்னால் தீக்குளித்தவர் குவேக்கர்தானே?

ஆம். நார்மன் மாரிசன், வயது 31, பால்டிமோர் நகரத்துக் குவேக்கர் சபையின் ஊழியர். 1965 நவம்பர் 2. இன்னும் ஒரு வயது நிரம்பாத மகளையும் உடன் கொண்டு போயிருந்தார், குழந்தை பிழைத்துக்கொண்டாள். வியட்நாமில் அவரைத் தியாகியாகக் கொண்டாடினார்கள். ஆனால் இதை விழிப்பு ஜெபத்தின் அடுத்த படியாக எண்ணுவது சரியல்ல. அவர் சபையினரில் பலர் அன்றே கலங்கிப்போனார்கள். தன் உயிரும் ஓர் உயிர்தான். நிற்பவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அடுத்த வாரம் வர வேண்டும்.

நம் படைவீரர்கள் சாகும்போது இப்படி நிற்பது அவர்களை அவமதிப்பது ஆகாதா?

என்னைப் பார்த்துக் காரிலிருந்து ஒருவர் இதைக் கத்தியிருக்கிறார். கோபத்தின் அடியில் பயம் இருந்தது. அவர் வீட்டுப் பையன் போயிருக்கலாம்.

இதற்குப் பதிலாக எனக்குத் தோன்றுவது ஜோடி ஜோடியாக வைக்கப்பட்ட காலணிகள்தான். 2004 ஜனவரியில் அமெரிக்கக் குவேக்கர்களின் சேவை அமைப்பு சிகாகோ நகரின் நடுவே ஒரு திறந்தவெளியில் 504 ஜோடி ராணுவ பூட்ஸ்களை வரிசையாக வைத்தது. அன்றுவரை ஈராக்கில் இறந்த அமெரிக்க வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. பிறகு அந்தக் காலணிகள் ஊர் ஊராகப் போயின. போகப் போக எண்ணிக்கை ஆயிரம், இரண்டாயிரம் என்று கூடிக்கொண்டே போனது. பெற்றோர் வந்து தங்கள் பிள்ளையின் பெயர் எழுதிய ஜோடியைத் தேடிக் கண்டுபிடித்து, அருகில் பூவும் படமும் வைத்துவிட்டுப் போனார்கள். அதே இடத்தில் ஈராக்கியப் பொதுமக்களுக்காகச் சாதாரணச் செருப்புகளும் வைக்கப்பட்டன. பெண்களின் செருப்பு, குழந்தைகளின் குட்டிக் காலணி. படைவீரரை மறந்தவர்கள் இப்படி ஒவ்வொரு ஜோடியாக எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எதிரி நாட்டுக்காகவும் ஜெபிப்பார்களா?

ஜெபிப்பதோடு நிறுத்துவதில்லை. நான் இந்த மனிதர்களை மதிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். வெறுமனே நிற்பது எளிது என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தக் கதைகளைச் சொல்வேன்.

பிரிட்டன் ரஷ்யாவை எதிர்த்த கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை பின்லாந்தின் கரையோர ஊர்களை எரித்தது. அப்போது பின்லாந்து ரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. போர் முடிந்ததும் 1856-இல் ஜோசப் ஸ்டர்ஜ் என்ற குவேக்கர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சொந்த நாட்டுக் கடற்படை எரித்த ஊர்களுக்குக் குவேக்கர்கள் பணம் திரட்டி உணவும் துணியும் விதையும் அனுப்பினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி பட்டினியில் கிடந்தது. தோற்றவனுக்கு எதற்குச் சோறு என்று உலகமே கேட்ட காலம். 1920 முதல் அமெரிக்கக் குவேக்கர்கள் ஜெர்மன் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் உணவு கொடுத்தார்கள். உச்ச காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் குழந்தைகள் சாப்பிட்டார்கள். 'குவேக்கர் சாப்பாடு' என்ற சொல்லே ஜெர்மன் மொழியில் உருவானது.

அந்தச் சோற்றின் கதை 1938 டிசம்பரில் தொடர்கிறது. யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்பட்ட மாதத்துக்கு அடுத்த மாதம். ரூஃபஸ் ஜோன்ஸ் என்ற 75 வயது அமெரிக்கக் குவேக்கரும் இரண்டு நண்பர்களும் கடல் கடந்து பெர்லினுக்குப் போய், ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகக் கதவைத் தட்டினார்கள். யூதர்களுக்கு உதவவும் அவர்களை வெளிநாடு அனுப்பவும் அனுமதி வேண்டும் என்றார்கள். தாங்கள் முன்பு ஜெர்மன் குழந்தைகளுக்கு உணவளித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரிகள் தாளை எடுத்துக்கொண்டு மேலிடத்தில் கேட்க உள்ளே போனார்கள். அந்த அறையில் காத்திருந்த மூவரும் தலை குனிந்து மௌனமாக ஜெபித்தார்கள். அந்த அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்ததாகப் பின்னர் அவர்களுக்குச் சொன்னார்கள். கேட்டிருந்தால் மௌனத்தைத்தான் கேட்டிருப்பார்கள். அனுமதி கிடைத்தது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். அந்தக் கதவு எவ்வளவு நாள் திறந்திருந்தது, எத்தனை உயிர் தப்பியது என்பதில் நான் பெரிதாக எதையும் சொல்ல மாட்டேன். அடுத்து வந்த ஆண்டுகள் நமக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் உட்கார அவர்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்ததே பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஊற்றிய சூப்பினால்தான்.

ஹிட்லர் போன்ற ஒருவனை ஜெபத்தால் நிறுத்த முடியுமா?

அவன் ஜெபத்தால் நிற்கவில்லை. இதை மழுப்பக் கூடாது. குவேக்கர்களில் சிலரே இந்தக் கேள்வியில் தடுமாறி ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஆனால் போருக்கு முன்பு, கதவுகள் திறந்திருந்த காலத்தில் யார் என்ன செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 1938, 1939-இல் சுமார் பத்தாயிரம் குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, ரயிலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த முயற்சியில் யூத அமைப்புகளோடு தோள் கொடுத்தவர்கள் குவேக்கர்கள். பெர்த்தா பிரேசி என்ற பெண்மணி அதில் இரவு பகல் உழைத்தார். குண்டு போடும் அளவுக்கு ஒரு நாடு தள்ளப்படும் முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. அவற்றைச் செய்தவர்கள் மிகக் கொஞ்சம்.

1947-இல் நோபல் சமாதானப் பரிசு லண்டனிலும் பிலடெல்பியாவிலும் இருந்த இரண்டு குவேக்கர் சேவை அமைப்புகளுக்குக் கிடைத்தது.

சரி, நின்றதால் ஒரு போராவது நின்றதா?

எனக்குத் தெரிந்து இல்லை. கிரிமியப் போர் மூளவிருந்த 1854 பிப்ரவரியில், பனியில் வண்டியேறி மூன்று குவேக்கர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸை நேரில் சந்தித்துப் போர் வேண்டாம் என்று மன்றாடினார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் பிரிட்டன் போரை அறிவித்தது.

ஃபோர்ட் டெட்ரிக் விஷயத்தில் வேறு ஒன்றைச் சொல்லலாம். அங்கே நின்றவர்கள் கலைந்து போய்ச் சில ஆண்டுகள் கழித்து, 1969 நவம்பரில், கிருமி ஆயுதங்களைத் தாக்குதலுக்காக உருவாக்குவதை அமெரிக்கா கைவிடும் என்று அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் நிக்சன். வாசலில் நின்றவர்களால்தான் அது நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். பல காரணங்கள் இருந்தன. ஆனால் அப்படி ஓர் இடம் அந்த ஊரில் இருக்கிறது, அதில் இன்னது நடக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியவந்ததே அந்த வரிசையைப் பார்த்துத்தான் இருக்கும்.

என்னுடைய கணக்கு வேறு. போர் தொடங்கியதும் ஒரு நாட்டின் நாக்கு மாறிவிடுகிறது. செத்தவர்கள் 'இலக்குகள்' ஆகிவிடுகிறார்கள். கடைவீதியில் ஒன்பது பேர் நிற்கும் அந்த ஒரு மணி நேரம், அந்த நடைபாதையில் மட்டும் அவர்கள் மனிதர்களாகவே இருக்கிறார்கள். அதைக் காப்பாற்றி வைக்க ஆள் வேண்டும்.

நிற்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

பெரும்பாலும் ஏச்சும் பேச்சும்தான். ஆனால் போர் நடக்கும் மண்ணுக்கே போனவர்களுக்கு நேர்ந்தது வேறு. டாம் ஃபாக்ஸ், வயது 54, அமெரிக்க மரைன் படையின் இசைக்குழுவில் இருபது ஆண்டுகள் கிளாரினெட் வாசித்தவர், குவேக்கர். ஒரு கிறிஸ்தவச் சமாதானக் குழுவோடு பாக்தாத் போய்ச் சிறைப்பட்ட ஈராக்கியர்களின் குடும்பங்களுக்கு உதவினார். 2005 நவம்பரில் மூன்று தோழர்களோடு கடத்தப்பட்டார். என்னைக் கடத்தினால் ஆயுதம் கொண்டு மீட்க வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்த குழு அது. 2006 மார்ச்சில் அவருடைய உடல் கிடைத்தது. மற்ற மூவரும் அதே மாதம் மீட்கப்பட்டார்கள். கடத்தியவர்களை மன்னிக்கிறோம், அவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம் என்று அந்த மூவரும் பின்னர் சொன்னார்கள்.

நம் பக்கம் குவேக்கர்கள் வந்திருக்கிறார்களா?

சிலர் வந்திருக்கிறார்கள். மார்ஜரி சைக்ஸ் 1928-இல் சென்னைக்கு வந்து பென்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார், தமிழ் கற்றார், இங்கே இருக்கும்போதுதான் குவேக்கர் ஆனார். பின்னாளில் நீலகிரியில் கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கலவர இடங்களுக்கு ஆயுதமின்றிப் போகும் சாந்தி சேனைத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஹோரஸ் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலக் குவேக்கர், 1947 ஆகஸ்ட் 15 அன்று, டெல்லி கொண்டாடிக்கொண்டிருந்தபோது, கலவரம் கண்ட கல்கத்தாவில் காந்தியுடன் இருந்தார்.

குவேக்கர் அல்லாதவர்கள் சேர்ந்து நிற்கலாமா?

தாராளமாக. எங்கள் வரிசையில் ஒரு முஸ்லிம் மருத்துவரும், கடவுளே இல்லை என்று சொல்லும் ஓர் ஆசிரியையும் நின்றார்கள். என்னை யாரும் என்ன மதம் என்று கேட்டதில்லை.

முதல் முறை நிற்கப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கனமான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய அடிப்பகுதி என்றால் நடைபாதைக் குளிர் முழங்கால் வரை ஏறும். வழிப்போக்கர்களுக்கு இடம் விட்டு நில்லுங்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய் சுற்றிப் போக வேண்டிய நிலை வரக் கூடாது. யாராவது கேள்வி கேட்டால் பேசுவதற்கு ஒருவரை முன்பே நியமித்திருப்பார்கள். அவர் வரிசையிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பார், துண்டறிக்கையும் அவரிடமே இருக்கும். மற்றவர்கள் மௌனத்தைக் கலைக்க வேண்டியதில்லை. ஏசினால் பதில் ஏச்சு வேண்டாம், ஏளனமாகச் சிரிக்கவும் வேண்டாம். கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் போதும். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது. நான் ஒரு முறை சட்டைப் பையில் வைத்திருந்தேன், அது நடுவில் ஒலித்தது. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு வீணாகிப்போனது.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மணி அடிக்க மாட்டார்கள். மூத்தவர்கள் இருவர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக் கைகுலுக்குவார்கள். உடனே வரிசை முழுவதும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கும். விறைத்துப்போன விரல்கள் அப்போதுதான் அசையும். பெரியவர் தன் மடக்கு நாற்காலியை மடக்குவார். நூலால் எழுத்துத் தைத்த அந்த விரிப்பை, நம் வீடுகளில் துவைத்துக் காய்ந்த புடவையை மடிப்பது போல, இருவர் எதிரெதிரே நின்று நான்கு முனைகளையும் பிடித்து உதறி, கிட்டே வந்து, முனையோடு முனை சேர்த்து மடிப்பார்கள். மழையாக இருந்தால் பிழிந்துவிட்டு மடிக்க வேண்டும். அந்த வாரம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உலர்த்துவது யார் முறை என்று கேட்டுக்கொள்வார்கள்.